கரண்ட் போனாலும் கெடாத ராஸ்பெர்ரி பை

பெங்களூரில் மழை பிடித்தால் நம்ம அல்சூர் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். அந்த நொடியில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் ஃபைல் சிஸ்டமே கெட்டுப்போகலாம். முதலில் ஸ்வாப்பை (ராம் போதாதபோது கார்டை ராம் போலப் பயன்படுத்துவது) நிறுத்துங்கள். அப்புறம் ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் புரோகிராமில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்யுங்கள். இனி எழுதுவதெல்லாம் ராமுக்குப் போகும், ரீபூட் செய்தால் மறைந்துவிடும், அதனால் வைத்துக்கொள்ள வேண்டிய டேட்டாவுக்கு முன்கூட்டியே தனி பார்ட்டிஷன் (கார்டில் ஒரு பகுதி) ஒதுக்கி நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தைக் குறிக்காதே என்ற ஆப்ஷன்) போட்டு மவுன்ட் செய்யுங்கள்.

லாக்கில்தான் (சிஸ்டம் எழுதும் பதிவுகள்) கவனம் வேண்டும். அதை டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ராமிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தில், வைக்கும்போது அதற்கு அளவு சொல்லாவிட்டால் அது பாதி ராம் வரை வளரும், ஸ்வாப்பும் இல்லாமல் ராம் தீர்ந்தால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும், அது உங்களுக்கு முக்கியமானதாகவே இருக்கலாம். லாக்குக்கு 20 எம்பி தாராளம். முக்கியமான சர்வீஸுக்கு ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட்டை (ராம் தீர்ந்தால் எதைக் கொல்வது என்பதைத் தீர்மானிக்கும் எண், குறைந்தால் பாதுகாப்பு) மைனஸ் 900 என்று வையுங்கள். ஹார்டுவேர் வாட்ச்டாக்கையும் ஆன் செய்யுங்கள், போர்டு உறைந்தால் தானே ரீபூட் ஆகும்.