நாய் உறுமினால் அதட்டாதீர்கள்

நாய், பூனையைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவருபவர்களுக்கு அவற்றோடு பழகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். தடுப்பூசி, வேளாவேளைக்குச் சாப்பாடு, நடை இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

உறுமும் நாயை அடிப்பது

எத்தனை வருடமானாலும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. "கிட்டே வராதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்பதைத்தான் நாய் உறுமிச் சொல்கிறது. கடிக்கும் நிலைக்குப் போகாமல் விலகப் பார்க்கிறது. அதற்கு அடி விழுந்தால், உறுமக் கூடாது என்பதை மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும். பயமும் எரிச்சலும் உள்ளே அப்படியே இருக்கும். உங்களுக்குக் கிடைத்துவந்த எச்சரிக்கைதான் போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நாய் சாப்பிடும்போது சின்னப் பையன் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். நாய் உறுமும், உடனே அப்பா அதன் மூக்கில் ஓங்கித் தட்டுவார். சில வாரங்களில் உறுமல் நின்றது. "இப்போ ரொம்பச் சாதுவாயிடுச்சு" என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள் பையனின் கன்னத்தைக் கடித்துவிட்டது, தையல் போடும்படி ஆனது. "ஒரு அறிகுறியும் இல்லை, திடீர்னு கடிச்சிடுச்சு" என்றார் அம்மா.

அதற்கு முன்பு ஆசையாக எடுத்து வைத்திருந்த வீடியோ ஒன்றைப் போடச் சொன்னேன். பையனின் கை கழுத்தில் பட்டதும் நாய் மெல்லுவதை நிறுத்துகிறது. தலை தட்டுக்கு மேலே அப்படியே விறைத்து நிற்கிறது. முகம் திரும்பவில்லை, கண் மட்டும் பையன் பக்கம் போகிறது, ஓரத்தில் வெள்ளை விழி தெரிகிறது. நாக்கு ஒருமுறை வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டுப் போகிறது. அறிகுறி அத்தனையும் அதில் இருந்தது. சத்தத்தை மட்டும் அடித்து நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் பழி முழுவதும் நாய்மேல் விழுந்தது, அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"நாம்தான் தலைவர் என்று காட்டாவிட்டால் தலைமேல் ஏறிவிடும்" என்பார்கள். அடைப்பில் வளர்ந்த ஓநாய்களைப் பார்த்து விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல் 1947-இல் எழுதியதில் இந்த எண்ணத்துக்கு வேர் இருக்கிறது. இதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், பிற்பாடு 1999-இல் தானே திருத்திக்கொண்டார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த ஒரு குடும்பம்தான், பெற்றோர் வழிநடத்துகிறார்கள் என்றார். ஓநாய்க்கே பொருந்தாத கணக்கை வைத்துக்கொண்டு வீட்டு நாயை அடிக்கிறோம்.

சரி, உறுமினால் என்ன செய்வது? செய்வதை நிறுத்திவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். குழந்தை இருந்தால் சத்தம் போடாமல் அப்பால் கூட்டிப் போங்கள். எதற்கு உறுமியது என்று அப்புறம் யோசியுங்கள். இதுவரை உறுமாத நாய், தொட்டால் உறுமுகிறது என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காது, பல், மூட்டு எங்கேயாவது வலி இருக்கலாம். சாப்பாட்டுக்காக உறுமினால், அது பதற்றப்படாத தூரத்திலேயே நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாள்போக்கில், நீங்கள் வந்தால் தட்டில் இருப்பது குறையாது, கூடத்தான் செய்யும் என்று அதற்குப் புரியும். தூரத்தைக் குறைக்க அவசரப்படாதீர்கள். கடிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் தனியாக முயலாமல், அடிக்காமல் பழக்கும் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் தட்டில் கையை விட்டுப் பழக்குவது

வேண்டாம். இல்லாத பயத்தை நாமே உண்டாக்குவதாகும்.

"தப்பு செய்தது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க"

காதை மடக்கி, வாலை இடுக்கி, தலையைக் குனிந்து நிற்கும் அந்த முகத்தை, நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாததைத் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை. திட்டினால் அந்த முகம் வந்தது, ஒன்றும் செய்யாத நாயைத் திட்டினாலும் வந்தது. காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் திட்டினால், நீங்கள் வீடு திரும்புவதைப் பார்த்தே நாய் பயப்படத் தொடங்கும்.

வலிக்கு நம் மாத்திரையைக் கொடுப்பது

கூடவே கூடாது. பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

ஒளிந்த பூனையை இழுத்துத் தூக்குவது

புதுப் பூனை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர், சாப்பாடு, கொஞ்சம் தள்ளி மணல் தட்டு, இதெல்லாம் அந்த அறையிலேயே இருக்கட்டும். நீங்கள் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பூனை எட்டிப் பார்த்தால் நேராக முறைக்காமல் கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கும், அப்போதும் கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒளிந்த பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பட்டினி தொடர்ந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும், குண்டுப் பூனைக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம்.