கர்ப்பகால நீரிழிவில் தாயின் குருதிக் கொழுப்பும் சிசுவின் பருமனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கர்ப்பவதிகள் கிளினிக்குக்குப் புதிதாக வரும் வைத்தியர்களும், ஆய்வுக்குத் தரவு சேகரிக்கும் மாணவர்களும், எங்கள் தலைமுறை விட்ட அதே பிழைகளை வரி பிசகாமல் விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பது, மாதிரிக் குழாயில் பெயரைச் சரிபார்ப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவர். அவற்றை இங்கே எழுதவில்லை.

குளுக்கோசோடு நின்றுவிடுவது

தாயின் குளுக்கோசு கூடினால் சிசுவின் இன்சுலின் கூடும், அதனால் சிசு பருக்கும் என்று டென்மார்க்கின் பெடர்சன் 1950களில் கூறியது இன்றும் செல்லுபடியாகும். ஆனால், சிசுவுக்குப் போய்ச் சேருவது குளுக்கோசு மாத்திரமல்ல, கொழுப்பமிலங்களும் அமினோவமிலங்களும் சேர்ந்த கலவை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெயின்கல் 1980இலேயே வலியுறுத்தினார். குளுக்கோசு நன்கு கட்டுப்பட்டிருந்த தாய்மாரிலும், கர்ப்பத்தின் பிற்பகுதியில் குருதியில் இருந்த ட்ரைகிளிசரைட்டு என்ற கொழுப்பும் கட்டற்ற கொழுப்பமிலங்களும் சிசுவின் வளர்ச்சியோடு தொடர்புபட்டிருந்ததை 2008இல் பெர்லினைச் சேர்ந்த ஷேஃபர்-கிராஃப் குழுவினர் காட்டினர். "சீனி அளவு நல்லாய்த்தானே இருந்தது, பிள்ளை ஏன் இவ்வளவு பெரிது?" என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது.

எத்தனையாவது வாரம் என்று பாராமல் ட்ரைகிளிசரைட்டைப் படிப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். கர்ப்பத்தின் பிற்பாதியில் சூல்வித்தகத்தின் (நச்சுக்கொடியின்) ஓமோன்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. தாயின் கொழுப்பிழையம் கரைந்து கொழுப்பமிலங்களை விடுகிறது. ஈஸ்ட்ரோஜனின் தூண்டலால் ஈரல் ட்ரைகிளிசரைட்டு நிறைந்த கொழுப்புப்புரதங்களை அதிகமாக வெளிவிடுகிறது. இதனால் கடைசி மூன்று மாதங்களில் ட்ரைகிளிசரைட்டு கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவின் இரண்டு, மூன்று மடங்குக்கு உயர்வது இயல்பே. அது முழுதாகச் சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை; அங்குள்ள நொதியங்கள் அதை உடைக்க, கொழுப்பமிலங்களே சிசுவின் பக்கம் செல்கின்றன. ஆனால் ஆய்வுகூட அறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும் டெசிலீற்றருக்கு 150 மில்லிகிராம் என்ற எல்லை கர்ப்பமில்லாதவர்களுக்கானது. அதைத் தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் "கூட" என்று ஒரு குறி தானாகவே விழுந்துவிடும்.

அப்படியொரு குறியோடு, 34ஆம் வாரத்தில், 230 என்ற எண்ணைக் கொண்ட அறிக்கையை ஒரு தாய் மடித்து எடுத்து வந்திருந்தார். அதன் ஓரத்தில் யாரோ ஓர் இளம் வைத்தியர் "கொழுப்பைக் குறைக்கவும்" என்று சிவப்பு மையால் எழுதி, இரண்டு கோடும் இழுத்திருந்தார். "டொக்டர், கொழுப்புக் கூடிப்போச்சு எண்டு சொன்னவை, மீன், முட்டை, சொதி எல்லாத்தையும் விட்டிட்டன்" என்றார் அவர். விட்ட உணவுக்குப் பதிலாகத் தட்டில் சேர்ந்தவை வெள்ளை மாப் புட்டும் சீனி போட்ட தேநீரும். சாப்பாட்டுக்குப் பிந்திய குளுக்கோசு ஏறியிருந்தது. கிளினிக் கொப்பியில் அவருடைய நிறைக் கோடு படுத்துவிட்டது. அந்த வாரத்துக்கு 230 அச்சப்பட வேண்டிய எண்ணே அல்ல. அதே சமயம், மிதமிஞ்சிய சீனியும் மாச்சத்தும்தான் ஈரலில் ட்ரைகிளிசரைட்டு உருவாவதைக் கூட்டுபவை. ஒரு வரி அறிவுரை அந்தத் தாயிடமிருந்து புரதத்தைப் பறித்து, தவிர்க்க வேண்டியதையே கொடுத்துவிட்டது.

ஆய்விலே இந்தத் தவறு இன்னும் மறைவாக வேலை செய்யும். கிளினிக்குக்கு வந்த நாளில் இரத்தம் எடுத்து, 26ஆம் வாரத்தவரையும் 36ஆம் வாரத்தவரையும் ஒரே நிரலில் போட்டால், பிந்திய வாரத்தில் எடுத்தவருக்கு எண் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதற்கு மேல், 36ஆம் வாரத்தில் இரத்தம் கொடுத்தவர் என்றாலே அதுவரை பிரசவிக்காதவர் என்றுதான் பொருள். 26ஆம் வாரத்தில் கொடுத்தவர்களுள் 33இலேயே, நிறை குறைந்த சிசுவைப் பெற்றவரும் இருக்கக்கூடும். ஆகவே, கொழுப்புக்கும் பிறப்பு நிறைக்கும் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், கணினி அழகான தொடர்பொன்றைக் காட்டும். மாதக்கணக்காக அலைந்து சேர்த்த தரவு, வாரம் குறிக்கப்படாத ஒரே காரணத்தால் பயனற்றுப்போவதைப் பார்க்க எனக்கு மனம் வேகிறது. குளுக்கோசுச் சகிப்புப் பரிசோதனைக்காக 24 முதல் 28 வாரத்துக்குள் எடுக்கும் முதலாவது இரத்தத்திலேயே கொழுப்பையும் பார்த்து, கடைசி மூன்று மாதங்களில் எல்லோருக்கும் ஒரே வார இடைவெளிக்குள் மீண்டும் பாருங்கள். எடுத்த வாரத்தையும் பிரசவித்த வாரத்தையும் தனித்தனியே பதியுங்கள்.

வாரம் எதுவானாலும், ட்ரைகிளிசரைட்டு 1000 மில்லிகிராமை நெருங்குவது வேறு விடயம். அங்கே கணைய அழற்சி ஆபத்து உண்டு. அன்றே மூத்த வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

நான்கு கிலோகிராமுக்காகக் காத்திருப்பது

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் மூன்று கிலோகிராமைச் சுற்றிப் பிறப்பவர்கள். சிசு பருத்ததா என்று தீர்மானிக்க நான்கு கிலோகிராம் என்ற கோட்டை மட்டும் வைத்தால், 37ஆம் வாரத்தில் 3.6 கிலோகிராமோடு பிறந்த சிசு "சாதாரணம்" என்று பதியப்பட்டுவிடும். பிறந்த வாரத்துக்கும் ஆண், பெண் என்ற பாலுக்கும் உரிய நூற்றுமானத்தில் (percentile) 90ஐத் தாண்டியதா என்று பாருங்கள். புனேயில் யாஜ்னிக் குழுவினர் அங்குள்ள சிசுக்களை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் சிசுக்களோடு ஒப்பிட்டபோது, நிறையிலும் தசையிலும் குறைந்திருந்த இந்தியச் சிசுக்களில் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. தராசு மட்டும் இதைச் சொல்லாது.

தாயின் முந்தைய உடற்திணிவுச் சுட்டியை (BMI) விட்டுவிடுவது

பருத்த தாயின் ட்ரைகிளிசரைட்டும் உயரும், சிசுவும் பருக்கும். இதைக் கணக்கில் எடுக்காத முடிவு முடிவல்ல. கர்ப்பத்துக்கு முந்தைய நிறை தெரியாதெனில், முதலாவது கிளினிக் வருகையின் நிறையை எடுங்கள்.

அலகு

லீற்றருக்கு மில்லிமோலில் தந்த எண்ணை டெசிலீற்றருக்கு மில்லிகிராமாக்க, கொலஸ்ரோலை 38.7ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.6ஆலும் பெருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் இல்லை.

கணித்தெடுத்த எல்.டி.எல்.

ட்ரைகிளிசரைட்டு 400 மில்லிகிராமைத் தாண்டினால், மற்றக் கொழுப்பு எண்களிலிருந்து எல்.டி.எல். கொலஸ்ரோலைக் கணிக்கும் ஃபிரீட்வால்ட் சூத்திரத்தைத் தொடாதீர்கள்.

தோல்மடிப்பை வசதிப்பட்ட நாளில் அளப்பது

சிசுவின் தோலடிக் கொழுப்பைக் காட்டும் தோல்மடிப்பை, பிறந்த 72 மணித்தியாலங்களுக்குள், பயிற்சி பெற்ற ஒருவரே, ஒரே கலிப்பரால் (தடிப்பு அளக்கும் கருவியால்), உடலின் ஒரே பக்கத்தில் அளக்க வேண்டும். தாய் வீடு போனபின் தேடிப்போய் எடுத்த அளவை அதே நிரலில் சேர்க்கக் கூடாது.