காசியில் முதல் காலை: அஸ்ஸியிலிருந்து படிப்படியாக

காசிக்குப் போகிற நம் ஆட்களில் பாதிப்பேர் முதல் நாள் காலையிலேயே படகில் ஏறிவிடுகிறார்கள். படகிலிருந்து ஊர் அழகாகத்தான் தெரியும், ஆனால் சுவரில் மாட்டிய படம் மாதிரி எட்ட நிற்கும். என்னைக் கேட்டால் முதல் காலை நடைக்கு, படகு மறுநாளைக்கு. ஊரின் தென்கோடியான அஸ்ஸி காட்டில் (காட் என்றால் படித்துறை) தொடங்கி, கரையோரமாகவே தசாசுவமேத காட் வரை போய், அங்கே ஊருக்குள் ஏற வேண்டும். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம் ஆகும்.

முதலில் மாதம் பாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை வசதி. மழைக்காலத்தில் கங்கை ஏறிவிட்டால் படித்துறைகளை இணைக்கிற பாதையே மூழ்கிவிடும். வெள்ளம் வடிந்ததும் படிகளில் வண்டல் குவிந்து கிடக்கும். பம்பு வைத்துப் பீய்ச்சித்தான் கழுவுவார்கள். டிசம்பர், ஜனவரியில் வேறு சிக்கல்: பனிமூட்டத்தில் சில நாள் சூரியனே தெரியாது. குல்லாய் அவசியம்.

முந்தின இரவே சில்லறையும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளும் எடுத்து வையுங்கள். வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம். தண்ணீரை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று படிகளில் பாசி இருக்கும், அங்கே எந்தச் செருப்பும் உதவாது. மேல் படியிலேயே நடங்கள்.

சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் அஸ்ஸியில் இருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் உதயம் ஆறே முக்காலை ஒட்டி வரும், மார்ச் கடைசியில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே. அஸ்ஸியில் விடியற்காலை ஆரத்தி நடக்கும், பின்னாலேயே இசை. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழி கேட்கவே தேவையில்லை. ஆறு வலது கைப்பக்கம் இருக்கும்வரை சரியாகப் போகிறீர்கள். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறாள், நாமும் அவள் போக்கிலேயே போகிறோம். எதிர்க்கரையில் ஊர் கிடையாது, மணல்தான். அதனால் சூரியன் மறைப்பில்லாமல் எழும்பி, வெயில் நேராக இந்தக் கரைப் படிகளில் வந்து விழும்.

அடுத்து வருவது துளசி காட், துளசிதாசர் வாழ்ந்த இடம். அதற்கப்புறம் கொஞ்ச தூரத்தில் கோட்டை மாதிரி ஒரு மதில் நிமிர்ந்து நிற்கும்: காசி ராஜா சேத் சிங்கின் மாளிகை. 1781இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவரைச் சிறைவைத்தபோது, தலைப்பாகைகளை முடிந்து கயிறாக்கி ஜன்னல் வழியே ஆற்றில் இறங்கித் தப்பினார். மதிலுக்கு அடியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், வயிறு கலங்கும்.

இப்போது நம் ஊர் வாடை அடிக்கும். அனுமன் காட்டில் படியேறிச் சந்துக்குள் போனால், தந்தை இறந்த பிறகு 1898இல் வந்த பாரதி தங்கியிருந்த அத்தை வீடு இருக்கிறது. முண்டாசும் மீசையும் இங்கே தொடங்கியவைதான் என்பார்கள். 2022இல் வீட்டின் ஒரு பகுதியைத் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. விடியற்காலையில் திறந்திருக்காது, அந்தச் சந்துப் பாதையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

அரிச்சந்திர காட்டில் கேமராவை உள்ளே வையுங்கள். சிதை எரிந்துகொண்டிருக்கும், வீட்டார் பக்கத்திலேயே நிற்பார்கள். படம் எடுக்கக் கூடாது என்று யாராவது சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். மேல் படி வழியாகச் சத்தம் போடாமல் கடந்து போங்கள்.

கேதார் காட்டை யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்கலாம். கோயில் சுவரில் செங்காவி, வெள்ளைப் பட்டைகள். இங்கே இருக்கிற மடத்தை 17ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர். சிங்கத்தின் மேல் ஏறி அரசவைக்குப் போய் இடம் கேட்டார் என்பது மரபுக் கதை. இங்கே உட்காருங்கள். மண் குவளையில் டீ வாங்குங்கள். முதல் வாய்க்கு டீயைவிட மழை நனைத்த மண்ணின் வாசனைதான் முந்தும். கீழே சலவைக்காரர் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று சாய்வுக் கல்லில் துணியை ஓங்கி அறைவார். அடி விழுந்து, ஒரு நொடி கழித்துச் சத்தம் பக்கத்து மதிலில் மோதித் திரும்பும். நடையில் எனக்குப் பிடித்த கால் மணி நேரம் இதுதான்.

அப்புறம் தர்பங்கா மாளிகையைத் தாண்டினால் மூங்கில் குடைகளும் கூட்டமும்: தசாசுவமேதம். ஒரு எச்சரிக்கை. யாராவது சிரித்துக்கொண்டே கை குலுக்க வந்தால் கும்பிடு போட்டு நகருங்கள். நான் கையை நீட்டினேன். அவர் விடவில்லை, விரல், மணிக்கட்டு, தோள் என்று பிடித்துவிட்டுக்கொண்டே போய்க் கடைசியில் மசாஜுக்கு முந்நூறு ரூபாய் கேட்டார். நூறில் முடிந்தது. தோள்வலி போனதென்னவோ நிஜம்.

இங்கிருந்து மேலே ஏறினால் கோதோலியா நாற்சந்தி. விசுவநாதரைத் தரிசிப்பதானால் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு வரிசைக்குப் போங்கள். பசி முந்திக்கொண்டால் முதலில் கச்சோரி. கடாயிலிருந்து எடுத்து நேராக இலைத் தொன்னையில் போட்டு, மேலே உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றுவார்கள். கூடவே ஜிலேபி உண்டு. திரும்பும்போது நடக்காதீர்கள். அதற்குள் வெயில் ஏறியிருக்கும், மார்ச் மாதமானால் காலையில் கண்ட படிகளே அனலாகியிருக்கும். அஸ்ஸிக்குப் பகிர்வு ரிக்‌ஷா எத்தனையோ இருக்கிறது.