பழைய சமையல் பாத்திரத்தைச் செடித்தொட்டியாக மாற்றுவது எப்படி?

சமையல் பாத்திரம் சொட்டுத் தண்ணீரும் ஒழுகாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. செடிக்கு வேண்டியது நேர்மாறு. வேர் குடித்தது போக மீதித் தண்ணீர் தங்காமல் வெளியேற வேண்டும். பழைய பாத்திரத்தில் வைத்த செடி வாடிப்போனால் பெரும்பாலும் காரணம் ஓட்டையில்தான் இருக்கும். அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம். பெயின்ட், அலங்காரம் எல்லாம் அப்புறம்.

எந்தப் பாத்திரம் சரிப்படும்?

முதலில் ஆழத்தைப் பாருங்கள். 8 முதல் 10 செ.மீ. ஆழமுள்ள வாணலி, கிண்ணம் போன்றவற்றில் பத்துமணிப்பூவும் சிறிய சதைப்பற்றுச் செடிகளும் நன்றாக வரும். புதினா, கீரை, செண்டுமல்லிக்கு 15 செ.மீ. வேண்டும். மிளகாய்க்கு 25 செ.மீ.க்குக் குறைந்தால் செடி வளரும், காய்ப்பு குறையும்.

அலுமினியம், எவர்சில்வர், தகரம், பிளாஸ்டிக் எல்லாமே சரிதான். கண்ணாடியை விட்டுவிடுங்கள், அடுப்பில் வைக்கும் வகைக் கண்ணாடி பலவும் துளையிடும்போதே பொடிப்பொடியாக உடையும். பழைய எனாமல் பாத்திரம், பளபளப்புப் பூச்சுள்ள பழைய பீங்கான் ஆகியவற்றின் பூச்சில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம். அவற்றில் பூச்செடி மட்டும் வையுங்கள், சாப்பிடும் செடி வேண்டாம். செம்புப் பாத்திரத்தில் நேரடியாக மண் போடக் கூடாது. மண்ணின் அமிலத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேரைக் கெடுக்கும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, செம்பை வெளி உறையாக மட்டும் பயன்படுத்தலாம்.

பாத்திரத்தைச் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். அடிப்பிடித்த கரியைச் சுரண்டி மெனக்கெட வேண்டாம், அது செடிக்கு ஒன்றும் செய்யாது. உப்பு போட்டு வைத்திருந்த ஜாடி என்றால் இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். இடையில் தண்ணீரை மாற்றுங்கள்.

ஓட்டை எங்கே, எத்தனை?

நடுவில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. பல பாத்திரங்களின் அடி, உள்ளிருந்து பார்த்தால் நடுவில் லேசாக மேடாக இருக்கும். அதனால் தண்ணீர் ஓரத்தில்தான் தேங்கும். பாத்திரத்தைச் சமதரையில் வைத்து அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் எங்கே போய் நிற்கிறதோ அங்கே மார்க்கரால் குறியுங்கள். ஓட்டை அங்கேதான் வர வேண்டும். அடியின் குறுக்களவு 15 செ.மீ. என்றால் 8 மி.மீ. ஓட்டை நான்கு, 25 செ.மீ. என்றால் ஏழெட்டு.

*அலுமினியம், தகரம்:* பாத்திரத்துக்கு அடியில் மரக்கட்டையை வைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தடித்த ஆணியை அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் கிழிந்த விளிம்பு உள்ளே எழும்பி நின்று, சுற்றிலும் தண்ணீரைத் தேக்கிவிடும். கை போகாத அளவு ஆழமான பாத்திரம் என்றால் வெளியிலிருந்து டிரில் செய்து, உள்ளே எழும்பும் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

*எவர்சில்வர்:* புதியவர்கள் இதில்தான் பிட்டை (டிரில்லில் மாட்டும் துளையிடும் முனை) உடைப்பார்கள்.

1. பஞ்ச் அல்லது ஆணியால் குறித்த இடத்தில் சிறு குழி பதியுங்கள். இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும்.
2. பாத்திரத்தைக் கவிழ்த்து, உள்ளே மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மெல்லிய தகடு பிட்டோடு சேர்ந்து சுழன்றால் கையைக் கிழித்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடங்க வேண்டாம்.
3. கோபால்ட் கலந்த பிட்டில் முதலில் 3 மி.மீ., பிறகு 8 மி.மீ. இரண்டுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.
4. வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டுங்கள். வேகமாகச் சுழன்று பிட் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடம் சூடேறி இறுகிவிடும். அதன் பிறகு சாதாரண பிட் அங்கே ஏறாது. சுருள் சுருளாகத் தகடு வெளியே வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். புகை வந்தால் நிறுத்துங்கள்.

சில பாத்திரங்களுக்கு அடியில் தடித்த அடுக்குத் தட்டு ஒட்டியிருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தத் தட்டுக்குச் சற்று மேலே, பக்கச் சுவரின் கடைசி விளிம்பில் சுற்றிலும் துளையிடுங்கள். உள்பக்கம் பார்த்தால் அதுதான் அடிமட்டம்.

*பீங்கான்:* வைரத்துகள் பதித்த பிட் வேண்டும், டிரில்லின் சுத்தியல் இயக்கம் (ஹேமர் மோட்) அணைந்திருக்க வேண்டும். குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிட்டைச் சாய்த்து ஒரு பிறைக் கோடு விழுந்த பிறகு நிமிர்த்துங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரில் அழுத்தினால் அடிப்பக்கம் பெயர்ந்து வரும்.

வடிகட்டும் கூடைக்கு இந்த வேலையே கிடையாது. ஆனால் பக்கவாட்டிலும் காய்ந்துபோகும் என்பதால் உள்ளே சாக்குத்துணி விரிக்க வேண்டும்.

ஜல்லி வேண்டாம்

ஓட்டைக்கு மேல் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்த பிறகே இறங்கும். அதாவது ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்குப் பக்கத்தில் இன்னும் மேலே வருகிறது. ஏற்கெனவே ஆழம் குறைந்த பாத்திரத்தில் இது இரட்டை நஷ்டம். மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

மண் கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் இரண்டு மாதத்தில் கட்டியாக இறுகிவிடும். மண் 1 பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவு 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. சதைப்பற்றுச் செடிகளுக்கு மண் 1, உரம் 1, கரட்டு மணல் 2. விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. காலியாக விடுங்கள், இல்லையென்றால் ஊற்றும் தண்ணீர் மண்ணோடு வெளியே வழியும்.

20 செ.மீ. அகலமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள பாத்திரத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்தபின் அது 5 கிலோவைத் தாண்டலாம். பாத்திரத்தின் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடப் போகிறவர்கள் கைப்பிடியின் ரிவெட்டை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

நட்ட அன்று அடியில் தண்ணீர் வரும்வரை ஊற்றி, மூன்று நான்கு நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குக் கொண்டு போகலாம். புதினாவுக்குத் தனிப் பாத்திரம் கொடுங்கள். பக்கத்துச் செடியை அது விட்டுவைக்காது.

வெயிலும் உலோகமும்

உச்சிவெயிலில் உலோகச் சுவர் சுட்டால் அதை ஒட்டியிருக்கும் வேர் வெந்துபோகும். காலையில் நன்றாக இருந்த செடி, மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் துவண்டால் பெரும்பாலும் காரணம் சூடுதான். பாத்திரத்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, சுற்றிலும் ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி விட்டு உள்ளே இறக்குவது நல்ல தீர்வு. வெளிப்புறம் வெள்ளை பெயின்ட் அடிப்பதும் உதவும். தகரம் என்றால் உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட்.

கோளாறு வந்தால்

ஊற்றிய தண்ணீர் நொடியில் அடியில் வந்துவிட்டால், நல்ல வடிகால் என்று மகிழ வேண்டாம். கலவை காய்ந்து சுருங்கி, சுவரை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடுகிறது. தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள்.

கீழ் இலைகள் மஞ்சளாகி, 3 செ.மீ. ஆழத்தில் விரல் விட்டால் சொதசொதவென்று இருந்தால் ஓட்டை அடைத்திருக்கிறது. குச்சியால் குத்திவிடுங்கள். ஓட்டை சரியாக இருந்தும் பாத்திரம் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் இதே கதைதான். ஓட்டுத்துண்டோ கட்டையோ வைத்து 2 செ.மீ. உயர்த்துங்கள்.

அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் நிற்கும் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறையாவது கொட்டிவிட்டு, தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.