யூனோவிலிருந்து டிவிக்குப் படம் வரவில்லையா? முதலில் திரையின் நிறத்தைப் பாருங்கள்

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் பல வீட்டுப் பரண்களில் அரசு கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் கிடக்கிறது. ஆர்டுயினோ யூனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், டிவிக்குப் படம் அனுப்பும் டிவிஅவுட் லைப்ரரியைப் போட்டுப் பார்க்க அது போதும். புது எல்இடி டிவிகளில் சில இந்த சிக்னலை ஏற்காமல் ‘நோ சிக்னல்’ என்று ஒதுக்கிவிடும். பழைய பெட்டி அவ்வளவு அடம்பிடிக்காது.

யூனோவின் 9ஆம் பின்னில் 1 கிலோஓம் ரெசிஸ்டர், 7ஆம் பின்னில் 470 ஓம் ரெசிஸ்டர். இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்து மஞ்சள் ஆர்சிஏ பிளக்கின் நடுமுனைக்குக் கொடுங்கள், வெளிவளையம் கிரவுண்டுக்கு. 9ஆம் பின் தருவது சிங்க், அதாவது படத்தின் ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் துடிப்பு; 7ஆம் பின் தருவது படம். டிவிக்குள் 75 ஓம் இருப்பதால் சிங்க் பின் மட்டும் உயர்ந்தால் 0.3 வோல்ட், அது கறுப்பு. இரண்டும் உயர்ந்தால் 0.95 வோல்ட் அளவில் வெள்ளை. ரெசிஸ்டரை இடம் மாற்றிப் போட்டால் கறுப்பே 0.65 வோல்ட்டுக்கு ஏறிவிடும். படம் வரும், ஆனால் வெளிறிப்போய் வரும். ரெசிஸ்டரின் வண்ணக் கோட்டை நம்பாமல் மீட்டரில் அளந்துவிட்டே சொருகுங்கள்.

போர்டைக் குறை சொல்லும் முன் அதே ஒயரில் செட்டாப் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். அதிலும் படம் இல்லையென்றால் ஒயர் அல்லது ஏவி சாக்கெட்தான் கோளாறு. சாரல் காலத்து ஈரத்தில் பிளக்கில் பச்சைக் களிம்பு பிடிப்பது இங்கே சகஜம்; ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

டிவியை ஏவி உள்ளீட்டில் வைத்தும் திரை நீலமாகவே நின்றால் டிவிக்கு சிங்க் போய்ச் சேரவில்லை. மீட்டரை டிசியில் வைத்து 9ஆம் பின்னைத் தொடுங்கள். 64 மைக்ரோவினாடிக் கோட்டில் சிங்க் 4.7 மைக்ரோவினாடி மட்டுமே கீழே இறங்குவதால், 5 வோல்ட் சப்ளையில் 4.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் போர்டு நலம். 1 கிலோஓம், பிரெட்போர்டு, கிரவுண்ட் மூன்றையும் சோதியுங்கள். மீட்டர் ஆடாமல் பூஜ்யத்தில் நின்றால் சந்தேகம் நினைவகத்தின் மேல். 128×96 புள்ளிகள் கொண்ட திரை 1536 பைட் தின்னும். யூனோவில் மொத்தமே 2048. உங்கள் அரேக்களும் எழுத்துச் சரங்களும் மிச்சத்தை விழுங்கியிருந்தால் லைப்ரரியைத் தொடங்கும் ‘பிகின்’ கட்டளை 4 என்ற பிழை எண்ணைத் திருப்பிக்கொடுத்துவிட்டு சிங்க்கைத் தொடங்காமலே விட்டுவிடும். 128×64 ஆக்கினால் 1024 பைட்டில் அடங்கும். மாறாத சரங்களை ஃபிளாஷ் நினைவகத்துக்குத் தள்ளுங்கள்.

நீலம் போய்க் கறுப்பு வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சிங்க் சேர்கிறது, படம் சேரவில்லை. 7ஆம் பின், 470 ஓம் இரண்டையும் பார்த்துவிட்டு, புரோகிராமில் திரை முழுவதையும் வெள்ளையால் நிரப்பும் ஒரே ஒரு வரியை மட்டும் விட்டு ஓட்டுங்கள்.

படம் மேலும் கீழும் உருண்டால் ‘பிகின்’ வரியில் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்று இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் டிவிக்குப் பால் முறை: 625 கோடு, 50 ஹெர்ட்ஸ். ஓரங்கள் நடுங்கினால் வேறு இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு இடையில் புகும் வேலை) குறுக்கிடுகிறது. கணினியோடு பேசும் வழக்கமான ‘சீரியல்’ கட்டளைகளை எடுத்துவிட்டு லைப்ரரியோடு வரும் போல்சீரியலைப் போடுங்கள். யூனோவுக்குள் இருக்கும் டைமர் 1 சிங்க்குக்கே போய்விடுவதால், சர்வோ மோட்டாரை இயக்கும் சர்வோ லைப்ரரி கூடவே ஓடாது.

ஏவி பிளக்கை மாட்டும்போதும் கழற்றும்போதும் டிவி, லேப்டாப் சார்ஜர் இரண்டின் பிளக்கும் சுவரை விட்டு வெளியே இருக்கட்டும். எர்த் இல்லாத சார்ஜரின் கசிவு மின்சாரம் 7, 9 பின்களைத் தீய்த்துவிடலாம். என்ன ஆனாலும் பிக்சர் டியூப் டிவியின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.