தலை அரிப்பு, முடி உதிர்வு, உணவு: எதற்கும் எதற்கும் தொடர்பு என்று கண்டறியும் வழி

முடி கொட்டுகிறது என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும், கீரை சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை என்ற இரண்டு யோசனைகள் உடனே வந்துவிடும். கூடவே அரிப்பும் இருக்கிறது என்றால் உடல் சூடு என்று முடிவு கட்டிவிடுவார்கள். உணவுக் குறைவால் முடி உதிர்வது உண்மைதான். தலைத்தோலில் அரிப்பை உண்டாக்கும் நோயால் முடி உதிர்வதும் உண்மைதான். ஆனால் இவை பெரும்பாலும் தனித்தனிக் காரணங்களால் வருபவை. ஒரே தலையில் ஒரே காலத்தில் சேர்ந்து வந்தாலும், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைத் தீர்ப்பதில்லை. ஆகவே முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உதிர்ந்த முடியிலிருந்து தொடங்குங்கள்

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வளரும் நிலையிலும், எஞ்சியவை பெரும்பாலும் ஓய்வு நிலையிலும் இருக்கும். ஓய்வுக்குச் சென்ற முடி சுமார் மூன்று மாதம் கழித்து விழும் என்பதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு அந்த ஒரு நாளில் கை நிறைய முடி வருவதும் இதனால்தான். ஆறு நாள் உதிர்ந்து சிக்கியிருந்தது அன்று ஒன்றாகக் கழிகிறது.

சீப்பில் வந்த முடி சிலவற்றை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளை முடிச்சு தெரிந்தால், அது வேரோடு உதிர்ந்த முடி. இரு முனைகளிலும் முடிச்சு இல்லாமல் நீளம் குட்டையும் நெட்டையுமாக இருந்தால், அது நடுவில் ஒடிந்த முடி. ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் தலைக்கு வெளியே இருக்கிறது: இறுக்கிப் பின்னுவது, ஈரத்தலையைச் சீவுவது, சாயம், சொறிவது, போர்வெல்லின் உப்புத் தண்ணீர். இந்த இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். முடி உதிர்வை அதன் தலையில் கட்டுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தண்ணீரின் கடினத்தன்மை வேறு சங்கதி. சோப்பும் ஷாம்பும் சரியாக நுரைக்காமல் முடியில் படிந்து, அதைச் சொரசொரப்பாக்கி ஒடியச் செய்யும். கடைசி இரண்டு சொம்புத் தண்ணீரையாவது காவிரித் தண்ணீராகவோ சேமித்த மழைநீராகவோ ஊற்றிக்கொள்வது இதற்குப் போதுமான எளிய பரிகாரம்.

வேரோடு உதிர்ந்தால், அடுத்து உதிரும் வகையைப் பார்க்க வேண்டும். தலை முழுவதும் சீராக அடர்த்தி குறைந்தால் உடலுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் ஏறினாலோ, பெண்களுக்கு வகிடு மட்டும் வரவர அகலமானாலோ, அது பெரும்பாலும் மரபும் ஹார்மோனும் சார்ந்தது. அதைக் கீரை தடுக்காது. காசளவு வட்டமாக, மழமழவென்று ஒரு திட்டு விழுந்தால் அது புழுவெட்டு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே வேர்க்காலைத் தாக்குவதால் வருவது அது. அதன்மேல் ஊமத்தையும் மிளகாயும் அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்வதில் பயனில்லை.

மூன்று மாதம் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

தலை முழுவதும் கொட்டுகிறவர்கள், இன்று என்ன சாப்பிடுகிறோம் என்று யோசிப்பதற்கு முன்பு, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். டெங்கு, டைஃபாய்டு போன்ற கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பெரும் துக்கம், எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தது ஆகிய எதுவும் வளர்ந்துகொண்டிருந்த முடிகளைக் கூட்டமாக ஓய்வுக்கு அனுப்பிவிடும். அவை விழுவது மூன்று மாதம் தள்ளித்தான். பிள்ளை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். காரணம் தவறு என்றாலும் காலக்கணக்கு அப்படியே பொருந்துகிறது. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். அந்தச் சமயத்தில் பூசிய எண்ணெய்க்கும் வாங்கிய மாத்திரைக்கும் நற்பெயர் கிடைத்துவிடுவதும் இதனால்தான்.

ஆறு மாதம் கடந்தும் நிற்கவில்லை என்றாலோ, பின்னோக்கிப் பார்த்தும் எந்தக் காரணமும் தென்படவில்லை என்றாலோ, உணவையும் இரத்தத்தையும் பார்க்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

உணவில் எதைப் பார்ப்பது

இரண்டே சத்துகளை முதலில் கவனித்தால் போதும்: இரும்பும் புரதமும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே முடி கொட்டும் ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்திருப்பது வியப்புக்குரிய செய்தி இல்லை.

நம் பக்கத்துக் கேழ்வரகுக் களி நல்ல உணவு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கே. ஆனால் கேழ்வரகு சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்பதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள இரும்பு 100 கிராமுக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம்தான்; பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 29 மில்லிகிராம். அதிலும் தானியத்திலுள்ள ஃபைட்டேட், டானின் என்ற வேதிப்பொருள்கள் அந்த இரும்பின் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்ச விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தாலும், கூழாகப் புளிக்க வைத்தாலும் இந்தப் பிடி தளரும். களியோடு முருங்கைக்கீரை கடைந்து, அதில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, உண்டபின் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றாலோ, வைட்டமின் சி அந்த இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். அசைவம் உண்பவருக்கு ஈரலும் ஆட்டுக்கறியும் இதைவிட எளிதாக உறிஞ்சப்படும் இரும்பைத் தருகின்றன.

இத்தனையும் செய்துவிட்டு, சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடித்தால் பாதி வேலை வீண். டீயும் காபியும் உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும்.

புரதக் கணக்கு இன்னும் எளிது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். ஒரு கைப்பிடிக் கொள்ளிலும், அதே அளவு நிலக்கடலையிலும் 6 முதல் 7 கிராம் வரை கிடைக்கும். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் காட்டில் விளையும் கொள்ளையும் கடலையையும் விற்றுவிட்டு, புரத மாவு டப்பா வாங்க வேண்டிய தேவை எந்த வீட்டுக்கும் இல்லை. உண்மையில் குறைவு ஏற்படுவது வேறு இடத்தில். ஓசூர்ப் பக்கத்து ஆலைகளில் ஷிஃப்ட் வேலைக்குப் போய் விடுதியில் தங்கும் பெண்பிள்ளைகள் பலருக்குக் காலையில் டீயும் பன்னும், மதியம் சோறும் நீர்த்த சாம்பாரும் என்று மாதக்கணக்கில் போகிறது. அவர்களுக்கு நான் சொல்வது தினம் ஒரு அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் மட்டுமே. விடுதி அறையில் இதற்குமேல் சொல்வது நடக்காத காரியம்.

பயோட்டின் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அதற்கு மேல், அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும். ஆகவே இரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். வைட்டமின் ஏ, செலீனியம் ஆகியவை அளவு மீறினால் அவையே முடியை உதிரச் செய்யும்.

அரிப்புக்குக் காரணம் தேடுவது

அரிப்பை உணவோடு முடிச்சுப் போடுவதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கத்தரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். உணவு ஒவ்வாமை என்றால் உடம்பில் தடிப்பு வரும், உதடு வீங்கும். தலையில் மட்டும் மாதக்கணக்கில் அரிக்காது. இரும்புச்சத்து மிகவும் குறைந்தால் உடம்பு முழுவதும் ஓர் அரிப்பு வருவதுண்டு, அதுவும் சொறி இல்லாமல். தலை மட்டும் அரித்தால், தலையைத்தான் பார்க்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னும் பிடரியிலும் முடியோடு ஒட்டிய வெள்ளைப் புள்ளியை நகத்தால் தள்ளினால் நகராமல் இருப்பது ஈர், அதாவது பேனின் முட்டை. எளிதாக உதிர்ந்து வருவது பொடுகு. வெள்ளி நிறத்தில் தடித்த செதில், முடியின் எல்லை தாண்டி நெற்றியிலும் தெரிந்தால் சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். சாயமோ கறுப்பு மருதாணியோ போட்ட ஒன்றிரண்டு நாளில் தொடங்கிய அரிப்பு, அதிலுள்ள ரசாயனத்தின் ஒவ்வாமை. பள்ளிப் பிள்ளையின் தலையில் செதிலோடு ஒரு திட்டும், அதில் ஒடிந்த முடியின் கரும்புள்ளிகளும் இருந்தால் அது படை; வேர்க்காலுக்குள் புகுந்த அந்தப் பூஞ்சைக்கு மருத்துவர் தரும் உள்மருந்து வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை மறைத்துப் பரவச் செய்யும்.

பெரும்பாலானவருக்கு இருப்பது பொடுகும் அதன் முற்றிய வடிவமும்தான். எல்லார் தலையிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட், தலைத்தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள்: அரிக்கிறதே என்று இரவில் எண்ணெய் ஊற்றி ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பதாகவே முடியும். பொடுகு அடங்கும்வரை தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம். முடியின் நுனிப்பகுதிக்குத் தடவிக்கொள்ளலாம். 2 விழுக்காடு கீட்டோகோனசோல் ஷாம்பை, நனைந்த தலையில் தோலில் படும்படி தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். போட்ட உடனே அலசிவிட்டு, பயனில்லை என்பவர்கள் ஏராளம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துவது நல்லது. அரப்புத்தூள் அழுக்கையும் எண்ணெயையும் நன்றாக எடுக்கும். ஆனால் ஏற்கெனவே வறண்ட தலைத்தோலை இன்னும் வறளச் செய்து அரிப்பைக் கூட்டவும் கூடும் என்பதால், அது பொடுகு மருந்துக்கு மாற்றாகாது. ஹெல்மெட் போடுகிறவர்கள் உள்துணியை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காய வைத்தால் வியர்வையின் அரிப்பு குறையும்.

பொடுகு தன்னளவில் வழுக்கையாக்குவதில்லை. சொறிந்து சொறிந்து முடி ஒடிவதும், அழற்சி நீடித்து உதிர்வு சற்றே கூடுவதும்தான் அது செய்யும் கேடு. அரிப்பு அடங்கியபின் உதிர்வு குறைந்தால் காரணம் அதுவே. குறையவில்லை என்றால், மேலே சொன்ன உள்காரணம் வேறாக நிற்கிறது.

எப்போது மருத்துவரிடம் செல்வது

அரிப்போடு எரிச்சலும் வலியும் சேர்ந்து, முடி போன இடத்தில் மயிர்க்கால் துளையே தெரியாமல் தோல் பளபளவென்று மாறினால் காத்திருக்கக் கூடாது. அது தழும்பு விழுந்து நிரந்தரமாகப் போகும் வகை. ஒவ்வொரு வாரத் தாமதமும் கேடுதான். மற்றபடி, நான்கு வாரத்தில் அடங்காத அரிப்பு, சீழ்க்கொப்புளம், குழந்தையின் தலையில் திட்டு ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் இருப்பு தீர்ந்திருக்கலாம் என்பதால், அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் இருப்பு குறைவு. காய்ச்சலின்போது அது பொய்யாக உயர்ந்து காட்டும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பரிசோதனையும் இதோடு செய்வது வழக்கம். குறைவு உறுதியானால், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, மூலம், வெறுங்காலோடு காட்டில் நடப்பவருக்கு வரும் கொக்கிப்புழு என்று இரும்பு எங்கே கசிகிறது என்பதையும் தேட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினால் மலம் கறுப்பது இயல்பு. மாத்திரையைப் பாலோடும் டீயோடும் விழுங்கக் கூடாது. இருப்பு நிரம்பச் சில மாதம் ஆகும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

மருத்துவரிடம் செல்லும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஆனால் அன்று காலை ஷாம்பு போட்டுச் செதிலைக் கழுவிவிடாமலும் செல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், பூசும் எண்ணெய்ப் புட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.