பெங்களூருத் தமிழ்ப் பாடகர் குழுக்கள் உக்ரைன் வழிபாட்டு இசையைப் பாடுவது எப்படி?

டிசம்பர் பிறந்தால் பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியின் ஆலயங்களில் ‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ ஒலிக்கத் தொடங்கிவிடும். அதன் மெட்டு உக்ரைனைச் சேர்ந்த மிக்கோலா லியோன்தோவிச் (1877–1921) நாட்டுப்புறப் பாட்டொன்றிலிருந்து அமைத்தது என்பதும், மூலப்பாட்டில் கிறிஸ்துமஸும் மணிகளும் இல்லை, புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி வீட்டுக்காரரை அழைக்கும் தகைவிலான் குருவியே இருக்கிறது என்பதும் பாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஒலெக்சாந்தர் கோஷிட்ஸ் நடத்திய குழு 1922இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் அதைப் பாடியது. அதற்கு முந்தைய ஆண்டே லியோன்தோவிச் சோவியத் ரகசியப் போலீஸ் ஆள் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கோஷிட்ஸ் தாய்நாடு திரும்பாமல் 1944இல் கனடாவின் வின்னிபெக் நகரில் காலமானார். கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றிக்கொண்டே போப்பாண்டவரை ஏற்கும் உக்ரைனிய கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை 1946 முதல் 1989 வரை சோவியத் ஆட்சியில் தடைசெய்யப்பட்டுத் தலைமறைவாகவே இயங்கியது. தாய்நாட்டில் வெளிப்படையாகப் பாட முடியாத வழிபாட்டு இசையை அந்த ஆண்டுகளில் வெளிநாட்டு ஆலயங்களில் கூடிய குடியேறிகளின் குழுக்கள் பாடிவந்தன.

நான்கு குரல்களில் பாடப் பழகிய எந்தத் தமிழ்க் குழுவும் இந்த இசையைக் கற்கலாம். எங்கள் குழு கற்றபோது செய்த தவறுகளிலிருந்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் எதைப் பாடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பெரிய படைப்பைத் தொடக்கத்திலேயே தொடாதீர்கள். வழிபாட்டில் திரும்பத் திரும்ப வரும் ‘ஹொஸ்பொதி பொமிலுய்’ (ஆண்டவரே இரக்கமாயிரும்) என்ற சிறு மறுமொழியே போதும். லியோன்தோவிச் 1919இல் முடித்த திருவழிபாட்டு இசையிலும் அது உண்டு. அடுத்ததாக மிக்கோலா லீசென்கோ 1885இல் குழந்தைகள் குழுவுக்காக இசையமைத்த ‘உக்ரைனுக்கான மன்றாட்டு’ ஏற்றது. அதற்கு நான்கு குரல் வடிவமும் கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான போர்த்னியான்ஸ்கி (1751–1825), பெரெசோவ்ஸ்கி ஆகியோரின் நீண்ட திருப்பாடல் இசைகளுக்கு ஓராண்டாவது காத்திருங்கள். இவர்கள் காலத்தால் பழையவர்கள் என்பதால் இசைப்படிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அண்மையில் ஒருவர் திருத்தி அமைத்த பதிப்பு வேறு, அதற்கு அனுமதி கேட்க வேண்டும்.

இனி உச்சரிப்பு. நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள் என்பேன். ஆங்கில எழுத்துகளில் அச்சான படிகளில் பல ரஷ்ய உச்சரிப்பையே பின்பற்றுபவை. நாங்கள் அப்படியொரு படியை நம்பி, ‘காந்தி’ என்பதன் முதல் ஒலியை வைத்து ‘கொஸ்பொதி’ என்று மூன்று வாரம் பாடினோம். அதை மறக்க அதைவிட அதிக நாள் ஆயிற்று. உக்ரைன் மரபில் அது ‘ஹ’. பரமண்டல ஜெபத்தில் அப்பத்தைக் குறிக்கும் சொல்லின் உயிரொலி ரஷ்ய மரபில் ‘ஏ’, உக்ரைன் மரபில் ‘ஈ’. வழிபாட்டுக்கென்றே நிலைத்த பழைய மொழியான ஒரே திருச்சபை ஸ்லாவோனியத்தை இரு நாட்டினரும் இவ்வாறு வேறுபடுத்தியே வாசிக்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டுச் சுரத்தை மட்டும் காப்பாற்றினால் நாம் பாடுவது உக்ரைன் மரபு ஆகாது.

ஆகையால் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டுத் தமிழில் எழுதிக்கொள்வதே நல்லது. இதில் நமக்குச் சாதகமும் இருக்கிறது. ஸ்லாவிய மொழிகளின் த-ஒலி பல்லில் நாக்குப் பட்டுப் பிறப்பது. ஆங்கிலம் பார்த்துப் படிப்பவர் அதை ‘ட’ ஆக்கிவிடுவார், தமிழில் எழுதினால் அது ‘த’ ஆகவே நிற்கும். உருளும் ரகரமும், மென்மையான ‘ஞ’வும் நம் நாவுக்கு இயல்பானவை. ரஷ்ய மொழியில் அழுத்தம் இல்லாத ஒகரம் ‘அ’ ஆகத் தேயும். உக்ரைனில் அது ஒகரமாகவே நிற்கும், எனவே எழுதியபடியே வாசிக்கலாம். ‘டெலிவிஷன்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலிக்கு மட்டும் நம்மிடம் எழுத்து இல்லை. ‘ஷ’வின் மேல் ஒரு புள்ளி வைத்து நாங்கள் சமாளிக்கிறோம். அழுத்தம் விழும் அசையை அடிக்கோடிடுங்கள். ‘ஹொஸ்பொதி’யில் முதல் அசை, ‘பொமிலுய்’யில் இரண்டாவது. தமிழ் வாய் எல்லா அசைகளுக்கும் ஒரே எடை கொடுத்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ்ப் பொருளையும் எழுதிவையுங்கள். பொருள் தெரியாதவர் சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவார்.

இந்த வழிபாட்டு மரபில் இசைக்கருவி கிடையாது, குரல் மட்டுமே. ஆர்கனோடு வளர்ந்த நமக்கு இதுதான் கடினம். தனித்தனிக் குரல்களைக் கற்பிக்கும் வரை கீபோர்டை வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் சேர்ந்தபின் அதை மூடிவிட்டு, இசைக்கவையால் தொடக்கச் சுரத்தை மட்டும் கொடுத்து, பாட்டு முடிந்ததும் எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று பாருங்கள். எங்கள் குழு முதலில் அரைச் சுரத்துக்கு மேல் இறங்கியது. காரணம் தாழ்ந்த ஆண் குரலான பேஸ் பாடுகிறவர்கள் அல்லர், வாக்கிய முடிவில் மூச்சுத் தீர்ந்துபோன, உயர்ந்த பெண் குரலான சோப்ரானோ பாடுகிறவர்களே. (இதைச் சொன்னதற்காக வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பு தனிக்கதை.) பேஸ் மிகவும் தாழ்வாக இருந்தால் முழுப் பாட்டையும் ஒரு சுரம் உயர்த்தலாம், அதற்கு மேல் வேண்டாம்.

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த மூத்தவர்கள் குழுவில் இருந்தால் டானிக் சோல்ஃபாவிலும் (சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) ஒரு படி எழுதிவிடுங்கள். அவர்கள் ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பைவிட அதை விரைவாகப் பிடிப்பார்கள். நகரின் கிழக்கு ஓரத்திலுள்ள ஒயிட்ஃபீல்டிலிருந்து வார நாளில் யாரும் பயிற்சிக்கு வந்து சேரமாட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒன்றரை மணி நேரமும், வாட்ஸாப்பில் அவரவர் குரலுக்கான ஒலிப்பதிவும் போதும்.

ஆராதனையில் எங்கே பாடுவது என்பதை ஆயரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீண்ட திருப்பாடல் இசைகள் அந்த மரபில் குருக்கள் நற்கருணை உட்கொள்ளும் வேளையில் பாடப்படுபவை. நம் ஆலயத்திலும் அந்த வேளையே பொருந்தும். பாடும் முன் தமிழ் வசனத்தை ஒருவர் வாசிக்கட்டும். முதுமையில் என்னைத் தள்ளிவிடாதிரும் என்று மன்றாடும் பெரெசோவ்ஸ்கியின் படைப்புக்கு இசைப்படியில் சங்கீதம் 70 என்று இருக்கும். அது கிரேக்க வேதாகம எண். நம் தமிழ் வேதாகமத்தில் அதே சங்கீதம் 71. ஆராதனைத் தாளில் 71 என்றே அச்சிடுங்கள், இல்லையேல் சபையார் வேறு சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.